ஜெயசுதா ஒட்டிய சிவப்பு அம்புகள்

பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஜெயசுதா பதினாலு வருஷமாகச் செக்கிங் வேலை பார்த்தாள். வெள்ளைப் பனியனை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, கறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். கடுகில் பாதி அளவு எண்ணெய்ப் பொட்டுக்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். கம்பெனியைப் பூட்டினார்கள். அவள் கணவன் சிவராஜ் தறி ஓட்டிய மங்கலத்துப் பட்டறையையும் பூட்டினார்கள். அவர்கள் குடியிருந்த, பதினோரு வீடுகள் கொண்ட லைன் வீட்டு வரிசையின் பின்சுவரை ஒட்டி ஒரு சின்னச் சாயப்பட்டறை இருந்தது. அதன் பாய்லரும் அணைந்தது.

ஒரு வாரம் கழித்து, மொட்டை மாடியில் காய்ந்த சிவராஜின் வேட்டியை எடுத்து உதறப் போனவள், பழக்க தோஷத்தில் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஒரு பொட்டு இல்லை. அந்த வீட்டுக்குக் குடிவந்த ஒன்பது வருஷத்தில், காய்ந்த துணியைக் கரித்தூள் உதறாமல் அவள் மடித்ததே கிடையாது. திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கமும் இல்லை.

அடுப்படியில் பாத்திரம் பிடிக்கக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த வெள்ளைப் பனியன் பிட்டுகளில் ஒன்றை அன்றைக்கே எடுத்து, மாடிச் சுவரில் ஓர் ஆணியடித்து மாட்டினாள். காலை ஆறு மணிக்கு மாட்டினால் மறுநாள் ஆறு மணிக்கு எடுப்பாள். மூலையில் தேதி எழுதுவாள். கண்ட பொட்டுக்கெல்லாம் அம்பு ஒட்டுவாள். பெரும்பாலும் ரெண்டு. மிஞ்சினால் மூணு.

"கம்பெனியத்தான் பூட்டியாச்சே, இப்ப வானத்துக்குச் செக்கிங்கா புள்ள?" என்றான் சிவராஜ்.

அவன் அதைச் சொன்னது மாடியில் நின்று. வழக்கமாகப் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவன். ஜெயசுதாவுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

"ஏனுங்க, இருமிப் பத்து நாளாச்சு தெரியுமா?"

"பீடி கெடைக்கல, அதான்."

"கெடைக்கலையா? அரிசி டப்பாவுக்குப் பின்னாடி ரெண்டு கட்டு இருக்குதுங்களே. பீடி குடிச்சுட்டுத்தான இருக்கறீங்க. இருமல் எங்க போச்சு?"

சிவராஜ் அசடு வழியச் சிரித்தான். "அதுக்கும் ஊரடங்குதான் போல."

இருமலுக்குப் பீடியைத்தான் எல்லாரும் குற்றம் சொல்லியிருந்தார்கள். டாக்டர் சொன்னார், அவன் அண்ணன் சொன்னார், ஜெயசுதாவும் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறாள். இப்போது பீடி இருந்தது, பாய்லர் இல்லை, இருமலும் இல்லை.

மே மாதம் பட்டறைகள் திறந்தன. சாயப்பட்டறைப் பாய்லரில் விறகோடு சேர்த்துப் பனியன் வேஸ்ட்டையும் அள்ளிப் போட்டு எரிப்பார்கள். எலாஸ்டிக்கும் நைலான் நூலும் கருகிப் பிசுபிசுப்பான கரியாக வந்து விழும். முதல் நாள் துணியில் பதினேழு அம்பு. அந்த வாரக் கடைசியில் நாற்பது. சிவராஜ் மறுபடியும் பாதிப் படியில் உட்கார்ந்தான்.

இந்தக் கரியை நிறுத்தாமல் விடுவதில்லை என்று ஜெயசுதா முடிவு செய்தாள். சுத்தத் துணி முப்பது, கரி படிந்த துணி முப்பது சேர்ந்தன. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மறுபடி மனு வாங்கும் நாள் வரட்டும் என்று காத்திருந்தாள். மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகியதால் துணிப்பையைப் பக்கத்து வீட்டுப் பெரியாத்தாளிடம் கொடுத்து வைத்திருந்தாள். பெரியாத்தாள் தனிக்கட்டை, கை சும்மா இருக்காதவள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது மாடிக் கொடி முழுக்க வெள்ளைத்துணி ஆடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா கண்ணு? பாவம், உனக்கேது நேரம்னு நானே தொவைச்சுட்டேன்" என்றாள் பெரியாத்தாள். "அந்தச் சிவப்புக் காயிதம் ஒண்ணொண்ணா உரிச்சு எடுக்கறதுக்குள்ள நகமே போச்சு. நீலம் போட்டேன். பாரு, எல்லாம் ஒரே வெள்ளை."

எல்லாம் ஒரே வெள்ளைதான். தேதிகூடக் கரைந்து போயிருந்தது. ஜெயசுதா ஒவ்வொரு துணியாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவை எதற்காகச் சேர்த்தவை என்று சொன்னாள். விஷயம் புரிந்ததும் பெரியாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கரித்துணி நாளைக்கே கிடைக்கும். சுத்தமான காற்றில் தொங்கிய துணிக்கு எங்கே போவது? ஊர் இனி மறுபடி நிற்கவா போகிறது?

புதிதாகச் சேர்த்த கரித்துணியை மட்டும் எடுத்துக்கொண்டு மனு கொடுக்கப் போனாள். அந்த அலுவலகத்து அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். "ஊர்னா தூசி இருக்கத்தாம்மா செய்யும். இவ்வளவு அதிகம்னு எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டார். அதற்கான பதிலைப் பெரியாத்தாள் நீலம் போட்டு அலசியிருந்தாள்.

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது ஜெயசுதா மனதுக்குள் நினைத்தாள்: இன்னொரு தடவை பூட்டினால் போதும். ஒரே ஒரு தடவை.

மறுவருஷம் மே மாதக் கடைசியில் மறுபடி ஊரடங்கு போட்டுப் பூட்டினார்கள். பாய்லர் அணைந்த மறுநாள் காலையில் முதல் துணியை மாட்டினாள். மூன்றாம் நாள் சிவராஜுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் அவளை நிறுத்திவிட்டு ஸ்ட்ரெச்சரில் அவனை மட்டும் உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து, நர்ஸ் ஒருத்தர் தன் போனில் பேச வைத்தார்.

"துணி... போட்டியா புள்ள?"

"போட்டிருக்கறனுங்க."

"எத்தன அம்பு?"

"ரெண்டுதானுங்க."

மூச்சை இழுத்துப் பிடித்து, "பரவால்லியே" என்றான். "நல்ல காத்து."

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டான். மின்மயானத்தில் இருபதடி தள்ளி நின்று பார்த்தாள். முகத்தைக் காட்டவில்லை.

ஊர் நிற்க வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். நின்றது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மாடியேறி, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினாள்.

"புருசன் போயி ஈரம் காயல, இவ துணி காயப் போடறா பாரு" என்று எதிர்வரிசையில் ஒருத்தி சொன்னாள்.

"நீ உன் ஊட்டு வேலையப் பாரு சாமி" என்றாள் பெரியாத்தாள். "அந்தத் துணிமேல ஒருத்தி கைய வெச்சா, அப்பறம் எங்கிட்டப் பேச்சு வாங்குவீங்க. சோப்புக் கட்டியோட மாடி ஏறினா கால ஒடிப்பேன்."

"போன வருசம் தொவைச்சது ஆருங்கக்கா?" என்றாள் எதிர்வரிசைக்காரி.

"அதனாலதான் சொல்றேன்!"

அந்த முறை இருபத்து நான்கு துணி சேர்ந்தது. இந்தத் தடவை பை ஜெயசுதாவின் தகரப் பெட்டியில், பூட்டுக்குள் இருந்தது. பட்டறைகள் திறந்ததும் கரித்துணியும் சேர்ந்தது. ஆவணியில் மறுபடி அதே அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று இரண்டு அடுக்கையும் விரித்தாள்.

அவர் எழுந்து நின்று பார்த்தார். வெள்ளை அடுக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு. மற்றதில் துணியே தெரியவில்லை.

"ஒரே துணி, ஒரே ஆணி, ஒரே நேரமுங்க சார்" என்றாள்.

"சரிம்மா. ஆனா ஊரடங்குல பஸ், லாரி எல்லாந்தான் நின்னுச்சு. பாய்லர் மட்டுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அதைத்தான் அவளும் தினம் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். பையிலிருந்து தனியாக மூன்று துணிகளை எடுத்தாள்.

"போன மாசம் பாய்லர் ரிப்பேராகி மூணு நாள் நின்னுதுங்க. பஸ்ஸு ஓடுச்சு, லாரி ஓடுச்சு, கம்பெனியெல்லாம் ஓடுச்சு. அந்த மூணு நாள் துணி இதுங்க. ஒம்போது, பத்து, ஒம்போது. மத்த நாளெல்லாம் நாப்பதுக்குக் கொறையல. எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

"செக்கிங்குங்க."

இரண்டு வாரத்தில் காற்றில் கலந்த கரியை அளக்கும் மிஷினோடு ஆட்கள் வந்தார்கள். அளந்தார்கள். வேஸ்ட் எரிக்கக் கூடாது, புகைபோக்கியை உயர்த்த வேண்டும், அதுவரை பாய்லர் ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது. பட்டறைக்காரர் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு புகைபோக்கி உயர்ந்தது. வேஸ்ட் மூட்டை வருவது நின்றது.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் பெரியாத்தாளும் கூடவே மாடியேறி வந்து, ஜெயசுதா அம்பு ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் மூச்சு வாங்கிய பெரியாத்தாளும் இப்போது நடுவில் உட்காராமல் படியேறினாள்.

"எத்தன?"

"ஒம்போதுங்க."

"நாப்பது ஒம்போதாச்சு. போதும் கண்ணு. ஆணியக் கழட்டிரலாமா?"

ஜெயசுதா துணியை மடித்துத் தேதி எழுதினாள். கீழே மங்கலம் ரோட்டில் முதல் ஷிப்ட் வண்டிகள் புகை கக்கிக்கொண்டு வரிசை கட்டி நின்றன.

"ரெண்டுக்கு வருமுங்கக்கா. அவரு இருந்தப்ப வந்துச்சு. நானே எண்ணியிருக்கறேன்."

அடுத்த துணியை எடுத்து, ஓரங்களை இழுத்து நேராக்கி, அதே ஆணியில் மாட்டினாள்.