வெறும் தண்ணீர்

மகளின் வயிற்றோட்டத்துக்கு டாக்டர் தந்த தூளைக் கரைத்து, ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். உப்பும் இனிப்புமாக இருந்தது. சிறுவயதில் நாங்கள் குடியிருந்த மஹய்யாவ வீட்டில் தம்பி இதே வயிற்றோட்டத்தில் படுத்திருந்தது மறுபடியும் ஞாபகம் வந்தது.

அவனுக்கு அப்போது மூன்று வயது. அறை முழுக்க ஈரத்துணி வாடை. யாருக்கு என்ன நோய் என்றாலும் அம்மா முதலில் தண்ணீரைத்தான் கொதிக்கவைப்பாள். அன்றும் அதை ஆறவைத்துப் புகட்டிக்கொண்டே இருந்தாள்.

"குடி சாமி, சரியாயிரும்."

அவனும் குடித்தான். மத்தியானம் வலிப்பு வந்தது. அப்பா வேலையிலிருந்து ஓடிவந்து தூக்குவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. அம்மா அழவில்லை. மீதித் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இன்று காலை டாக்டரிடம் தம்பியைப் பற்றிச் சொன்னேன்.

"வயிற்றோட்டத்துல உப்பும் சேர்ந்து போயிரும். வெறும் தண்ணிய மட்டும் குடுத்தா ரத்தத்துல உப்பு இன்னும் குறையும். அப்ப தண்ணி மூளையோட கலங்களுக்குள்ள போய், அதெல்லாம் வீங்கிரும். வலிப்பு அதனாலயும் வந்திருக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "டாக்டர் என்ன சொன்னாரு?"

"கொஞ்சங் கொஞ்சமா குடுக்கச் சொன்னாரும்மா" என்றேன்.