யார் சோத்தாங்கை?

அந்தக் காலத்தில் தேக்கா வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த யாரிடமாவது போய், "சிவகாமசுந்தரி எங்கே?" என்று கேட்டிருந்தால் பேந்தப் பேந்த முழித்திருப்பார்கள். "பெட்டிக்காரம்மா எங்கே?" என்று கேட்டால் போதும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரோவல் ரோட்டில் ஜமால் முகம்மது பட்டறை வாசலில் விட்டிருப்பார்கள். இஸ்திரிப் பெட்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அதைத்தானே சொல்ல வந்தது, அவசரப்பட்டால் எப்படி!

சிவகாமி பிறந்தது சிலேத்தாரில். அப்பா பட்டாளத்துக்காரர்களுக்குத் துணி வெளுத்தவர். பதினேழு வயதில், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மருதப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பொத்தோங் பாசிர் கம்பத்துக் குடிசைக்கு வந்தாள். நாத்தனார் கண்மணி துணி வெளுப்பாள், இவள் தேய்ப்பாள். ரோவல் ரோட்டில் ஜமால் முகம்மதின் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு முன்னால், அஞ்சடி நடைபாதையில் ஒரு மேசை, ஒரு கரிப்பெட்டி, ஒரு தண்ணீர்க் கிண்ணம். ஏழு வருஷமாக அதுதான் அவள் ராஜ்ஜியம். பஸ்ஸுக்குப் போகிற குமாஸ்தாவும் ஆஸ்பத்திரி நர்ஸும் காலையில் கொடுத்துவிட்டுப் போய் மாலையில் வாங்கிக்கொள்வார்கள்.

கை துணியில் இருக்கும், காது பட்டறையில் இருக்கும். முதுகுக்குப் பின்னால் ஏழு வருஷம் வண்டிகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் யாருக்குத்தான் ஆசை வராது? எந்த வண்டிக்கு என்ன நோவு என்று சத்தத்திலேயே அவளுக்குப் பாதி பிடிபட்டுவிடும். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், "அண்ணே, அந்தச் சங்கிலி தொங்குது" என்று சொல்லிவிட்டாள். பெரிய மெக்கானிக் ரவூப் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ காலரைப் பாரு தாயே" என்றார். பட்டறையே சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய்தான். ஆனால் காதை மூடவில்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பெட்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். முதலாளி ஜமால் முகம்மது வந்து நின்றார். நல்ல மனுஷர், அதனால் தலையைச் சொறிந்தார்.

"சிவகாமி, தப்பா நெனைக்காதேம்மா. சாயங்காலத்துக்குள்ள மேசையை எடுத்துரு. வண்டி நிறுத்த எடம் பத்தலை லா."

"எங்க பாய் எடுத்துட்டுப் போறது?"

"வீட்டுல வச்சுத் தேய்யேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டில் வைத்துத் தேய்ப்பதாம்! ஒரு சட்டையைத் தேய்க்க நர்ஸம்மா பஸ் பிடித்துப் பொத்தோங் பாசிர் சேற்றுக்குள் வருவாளா? மேசை போனால் பிழைப்பு போச்சு. சிவகாமி அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சட்டையை விரித்தாள்.

பின்னால் ஒரே கூச்சல். பிடோக் பக்கத்து இளைஞன் நூர்தீன் வந்திருந்தான். இரண்டு சிலிண்டர் வைத்த சீமை வண்டி அவனுடையது. ஒரு சிலிண்டர் எரியாமல், வண்டி நொண்டிக்கொண்டு கிடந்தது. மூன்று நாளாக ரவூப் அதனோடு மல்லுக்கட்டுகிறார். நூர்தீனும் கூட்டாளிகளுமாக எட்டுப் பேரும் வண்டியை இங்கேதான் விடுவார்கள்.

"ஜும்மாவுக்கு முன்னாடி வண்டி ஓடலைன்னா எங்க எட்டு வண்டியும் கேலாங் பட்டறைக்குப் போயிரும் பாய்" என்றான். ஜமால் முகம்மதின் முகம் சுண்டிப்போயிற்று.

"நீ என்ன சொன்னே? சோத்தாங்கைப் பக்கம்னுதானே சொன்னே?" என்று ரவூப் சீறினார். முன்சக்கரத்துக்கு எதிரே குந்தியிருந்தார். "அந்தப் பக்கம் பிளக் மாத்தியாச்சு, வயர் மாத்தியாச்சு, வால்வும் பாத்தாச்சு. இதுக்கு மேல அல்லா விட்ட வழி!"

"சோத்தாங்கைப் பக்கம்தான். அந்தக் காலுல சூடே ஏறலையே!"

சிவகாமியின் கை நின்றது. எதிரே விரிந்து கிடந்த சட்டையைப் பார்த்தாள். சட்டையைப் போட்டவனுக்கு அதன் பாக்கெட் பீச்சாங்கைப் பக்கம். எதிரே நிற்கிற அவளுக்குச் சோத்தாங்கைப் பக்கம். ஏழு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது பாக்கெட் தேய்க்கிறவளுக்கு இது தெரியாதா? ரவூப்பை நிமிர்ந்து பார்த்தாள். அடப்பாவி மனுஷா, எதிரே உட்கார்ந்துகொண்டு தன் சோத்தாங்கையை அல்லவா கணக்கு வைத்திருக்கிறார்!

சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, சாயங்காலம் எப்படியும் மேசை போகத்தான் போகிறது. நனைந்த கோழிக்கு மழை என்ன? தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் பட்டறைக்குள் கால் வைத்தாள்.

"வண்டியை உதைங்க தம்பி."

"ஏய், எங்க வர்றே?" என்றார் ரவூப்.

"ஒரு நிமிஷம்ணே. தப்புன்னா செருப்பால அடிங்க."

நூர்தீன் உதைத்தான். வண்டி நொண்டி நொண்டி ஓடியது. இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, பெட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்க எப்படித் தெளிப்பாளோ அப்படி, எஞ்சினிலிருந்து இறங்குகிற இரண்டு புகைக்குழாய்களிலும் விரலால் தண்ணீரைச் சுண்டினாள். ஒரு குழாய் 'சுர்ர்' என்றது. மற்றதில் தண்ணீர் சும்மா வழிந்து கீழே சொட்டியது; அதில் சூடே ஏறவில்லை.

'சுர்ர்' என்ற குழாய், மூன்று நாளாக ரவூப் பழுது பார்த்த பக்கம்!

"வண்டியில உக்காந்தவன் சோத்தாங்கையைத் தம்பி சொன்னாரு. எதிர்ல குந்தினவன் சோத்தாங்கையை நீங்க பாத்தீங்க. நல்லா இருக்கிற சிலிண்டருக்குத்தான் மூணு நாளா வைத்தியம் நடந்திருக்கு" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஜமால் முகம்மது மட்டும், "யா அல்லா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ரவூப் முகம் கறுத்துப்போய்ச் சூடேறாத பக்கம் புதுப் பிளக்கை மாட்டினார். நூர்தீன் உதைத்தான். சிவகாமி தண்ணீர் தெளித்தாள். அப்போதும் அந்தக் குழாயில் 'சுர்ர்' இல்லை. "அப்போ பொறி குடுக்கிற மேக்னட்டோவே போயிருக்கு. சீமையிலேர்ந்து கப்பல்ல வரணும், ரெண்டு மாசம்" என்று ரவூப் எழுந்து கையைத் துடைத்தார். நூர்தீன் சாவியை எடுத்துவிட்டான். இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றுமில்லையா? சிவகாமி குறுக்கே போய் நின்றாள்.

"இருங்க தம்பி, போயிராதீங்க."

அந்தப் பிளக்குக்கு வருகிற வயரைப் பார்த்தாள். வெளியே பார்வைக்குக் கறுப்பாய், நன்றாய்த்தான் இருந்தது. சட்டையும் அப்படித்தான், உடம்பு புதிதாய் இருக்கும், காலர் மடிப்பில் மட்டும் நைந்திருக்கும். இந்த வயர் எங்கே மடிகிறது? பெட்ரோல் டேங்குக்கு அடியில், இரும்புச் சட்டத்தை ஒட்டி ஒரு வளைவு. வண்டியை ஓடவிடச் சொல்லி, ஈர விரலை அந்த வளைவின் உள்பக்கம் விட்டாள்.

"ஆத்தாடி!"

தோள்பட்டை வரைக்கும் ஒரு உலுக்கு உலுக்கியது. மூன்றடி பின்னால் போய்க் குண்டிகுத்த உட்கார்ந்தாள். கிண்ணம் ஒரு பக்கம் உருண்டது. எல்லாரும் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவளோ கையை உதறிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கடிச்சிருச்சு பாய்! அங்கதான் இருக்கு! அங்கதான் ஒழுகுது!"

ரவூப் டேங்கைக் கழற்றினார். வளைவின் உள்பக்கத்தில் ரப்பர் வெடித்து, ஒரு நெல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரமெல்லாம் வழியிலேயே இரும்புச் சட்டத்தில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ரவூப் புது வயர் போட்டு, டேங்கை மாட்டினார். நூர்தீன் 'பிஸ்மில்லா' என்று ஓங்கி உதைத்தான்.

அடடா, அது சத்தம்! ரோவல் ரோடே திரும்பிப் பார்த்தது. எதிர்க் கோப்பிக்கடைச் சீனர் கையில் கோப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டார். சிவகாமி மிச்சத் தண்ணீரைச் சுண்டினாள். இரண்டு குழாயும் 'சுர்ர்'. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று பிற்பாடு மருதப்பனிடமே சொல்லியிருக்கிறாள்.

நூர்தீன், "எட்டு வண்டியும் இங்கதான் பாய்! ஆனா அக்கா பாக்கணும் லா!" என்று கத்திவிட்டுத் தொழுகைக்குப் பறந்தான்.

ஜமால் முகம்மது தொண்டையைக் கனைத்தார். "சிவகாமி, மேசையை எடுக்க வேணாம்மா. நான் இருக்கிற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."

காலையில் இதைச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். இப்போது முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இருக்கட்டும் பாய். நாளையிலேர்ந்து மேசையில என் நாத்தனா கண்மணி நிப்பா. எனக்கு உள்ள எடம் வேணும்."

"உள்ளயா? பொம்பளைப் புள்ளையா?"

"வண்டிக்குத் தெரியவா போவுது?"

ஜமால் முகம்மது ரவூப்பைப் பார்த்தார். பட்டறையே ரவூப்பைப் பார்த்தது. மூன்று நாள் தப்பான பக்கத்தைத் தோண்டிய மனுஷர், குனிந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் போட்டார். பிறகு அந்தப் பெட்டியை இழுத்து, தனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தார்.

"அடுத்த வண்டி வெளிய நிக்குது. உருட்டிட்டு வா" என்றார்.