போலீஸ் கேட்டால் நான் அங்கே இல்லை

எங்கள் கல்லூரியிலிருந்து பத்துப் பேர் பண்பாட்டுப் பரிமாற்றத்துக்காகத் தென்கொரியாவின் பூசான் நகரத்துக்குப் போகிறோம், அதில் நானும் ஒருத்தி என்று தெரிந்த அன்று மாலையே கொரிய எழுத்துகளை எழுதிப் பழகத் தொடங்கிவிட்டேன். பத்துப் பேரில் பாஸ்போர்ட் இல்லாதவள் நான் மட்டும். சென்னை எம்.கே.பி. நகர் வீட்டு முகவரி கொடுத்து விண்ணப்பித்தேன். விசாவுக்குப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க மூன்று வாரம் இருந்தது. தவறினால் என் இடம் காத்திருக்கும் அடுத்த மாணவிக்கு.

விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒரு மதியம் வந்தார். நான் வகுப்பில், அப்பா எண்ணூர்ப் பக்கம் தான் ஓட்டும் டிரெய்லர் லாரியில், அம்மா ஆஸ்பத்திரி வேலையில். தண்ணீர் பம்பருகே நின்ற கீழ்வீட்டு அக்காவிடம் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"அப்டி யாரும் இல்லயே சார்" என்றாள் அக்கா. முதல் மாடியில், காலி பண்ணி ஆறு மாதம் ஆகிறது என்றார்கள். இரண்டாம் மாடிக்காரர், நாங்கள் ஆந்திராவுக்கே போய்விட்டதாகக் கூடுதல் விவரம் தந்திருக்கிறார்.

எங்கள் பிளாக்கில் காக்கி வந்து யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அக்காவின் மகனை ஒருமுறை யாரோ செய்த திருட்டுக்காகக் கூட்டிப் போய் நான்கு நாள் வைத்திருந்தார்கள். மறுபடி தேடி வந்தபோது, "ஊருக்குப் போய்ட்டாங்க" என்று சொன்னவள் ஆறாம் வகுப்பு படித்த நான்தான். அவன் எங்கள் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் அந்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போய்விட்டது. அக்காவிடம் இறங்கிப் போனேன்.

"ஏன்க்கா அப்டி சொன்ன?"

"பின்ன இன்னா சொல்வாங்க? மூணாவது மாடில கீது, போயி புடிச்சிக்கோன்னா?"

"பாஸ்போர்ட்டுக்குக்கா!"

"அத்த அந்தாளு வாயத் தொறந்து சொன்னானா? உம் பேரு, அப்பன் பேரு, எப்போ வூட்ல இருப்பன்னு கேட்டுக்கினே போறான். நீ இன்னா பண்ணிட்டு வந்தியோன்னு நெனச்சிக்கினேன்."

பாஸ்போர்ட் அலுவலகத்தில் நின்று மறுவிசாரணைக்கு எழுதி வாங்கினோம். இந்த முறை அக்கம்பக்கத்தார் இருவர் ஸ்டேஷனுக்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாம் மாடிக்காரர் உடனே சட்டையை மாட்டினார். அக்கா மூன்று நாள் பிடிகொடுக்கவில்லை. மகனுக்காகப் போய் நின்ற ஸ்டேஷன் அது. எனக்கு எட்டு நாள்தான் மிச்சம். ஆனாலும் அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

நான்காம் நாள் காலை தலை வாரிக்கொண்டு அவளே படியேறி வந்தாள்.

"கெளம்புமே. உள்ள போனா பக்கத்துலயே நிக்கணும். வெளில போன் நோண்டிக்கினு இருந்த, அவ்ளோதான்."

ஸ்டேஷனில் அதே போலீஸ்காரர்.

"அன்னிக்கு இப்டி ஒரு பொண்ணே இல்லன்ன?"

"அன்னிக்கு எதுக்குன்னு நீ சொல்லல சார்."

"சொன்னாதான் உண்மை சொல்வியா?"

"ஆமா சார்."

இரண்டாம் மாடிக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். போலீஸ்காரர் சிரிக்கவில்லை. படிவத்தைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அக்கா இன்ஷியலை விட்டுவிட்டு எழுதி, பிறகு அதை முன்னால் நெருக்கிச் சேர்த்தாள். வெளியே வந்ததும் யாருக்காகவும் நிற்காமல் விடுவிடுவென நடந்தாள்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் பாஸ்போர்ட் வந்தது.

பூசானில் ஏழு நாள் இருந்தோம். ஒரு நாள் ஒவ்வொருவரும் தன் ஊரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். துறைமுகம், கன்டெய்னர் லாரி, எங்கள் பிளாக் எல்லாவற்றையும் படம் காட்டி, நான் ஐந்து நிமிடத்தை மூன்றிலேயே முடித்துவிட்டேன். ஒரு கொரிய மாணவி எழுந்தாள். தன் அடுக்ககத்தில் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தனக்குத் தெரியாது, உங்கள் கட்டடத்தில் ஒருவரை ஒருவர் தெரியுமா என்று கேட்டாள்.

"எல்லோரையும் தெரியும்" என்றேன். "போலீஸ் கேட்டால் மட்டும் யாரையும் தெரியாது."

எங்கள் ஆங்கிலத்தை மொழிபெயர்த்த பெண் நான் ஏதோ தவறிச் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் கொரிய மொழியில் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.