தொய்வாக விட்ட கேபிள்

கம்பிக்காரர் யாரையும் நம்ப மாட்டார். பிளந்துவிடும்போல இருக்கும் மரங்களைக் கேபிள் போட்டு நிறுத்துவது அவர் தொழில். மரம் ஏறுமுன் இடுப்புக் கயிற்றை மனைவி இழுத்துப் பார்த்துச் சரி என்பாள். அவள் நிஜமாகவே பார்த்தாளா என்று இவர் இன்னொரு தடவை இழுப்பார். பூட்டுக்கே பூட்டுப் போடுகிறவர் என்று தெருவில் பெயர்.

அவருடைய அக்கா வீட்டுப் பின்புறம் இரண்டாகப் பிரிந்து வளர்ந்த மரம் ஒன்று. ஒரு பாதி, அக்கா படுக்கும் அறைக்கு நேர் மேலே சாய்ந்திருந்தது. இரண்டு பாதிகளையும் உயரத்தில் கேபிளால் இணைத்து, காற்றுக்குக் கொஞ்சம் ஆடட்டும் என்று வேண்டுமென்றே தொய்வாக விட்டார் கம்பிக்காரர்.

அத்தான் கீழே நின்று சிரித்தார். "என்ன மச்சான், துணி காயப் போடவா?"

சில மாதம் கழித்து ஏறினால் கேபிள் விறைத்து நிற்கிறது. அத்தானின் கைவரிசைதான், வேறு யார்? கேபிளை இறுக்கும் திருகைத் தளர்த்திவிட்டு இறங்கினார். அடுத்த முறையும் அதே விறைப்பு. மறுபடி தளர்த்தினார். இந்தத் தடவை பொறுக்கவில்லை.

"ஏணிய எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க, அத்தான்?"

"மாடிப்படி ஏறினாலே எனக்குத் தல சுத்தும். நானா மரம் ஏறினேன்?"

"அப்ப யாரை ஏத்தி விட்டீங்க?"

அன்று அக்கா போட்ட சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று திருகின் மேல் சிவப்புப் பெயிண்டைப் பூசிவிட்டுப் போனார். யார் திருகினாலும் பெயிண்ட் உடைந்து காட்டிக்கொடுக்கும்.

பெருங்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் ஏறிப் பார்த்தார். கேபிள் முறுக்கேறி நின்றது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. இரண்டு பாதியும் பிரிகிற கவைக்கு இறங்கி, அங்கே தெரிந்த வெடிப்பில் பேனாக்கத்தியைச் செருகினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. மரம்தான் பிளந்து விலகி, கேபிளை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தது. தாங்கிப் பிடித்திருந்த கேபிளை இரண்டு தடவை தளர்த்தியது அவருடைய கைதான்.

"அக்கா, அந்த ரூம்ல யாரும் படுக்காதீங்க. கட்டில வெளிய எடுங்க" என்று மேலிருந்தே கத்தினார்.

அக்கா அசையவில்லை. "நேத்து வரைக்கும் அவரைச் சொன்ன. இன்னைக்கு மரத்தச் சொல்ற. எதடா நான் நம்புறது?"

கம்பிக்காரர் இறங்கி வந்து அத்தானின் எதிரே நின்றார்.

"நீங்க தொடவே இல்ல அத்தான். கெடுத்தது நான்தான். மன்னிச்சிடுங்க."

பிறந்ததிலிருந்து தம்பி வாயில் அப்படி ஒரு வார்த்தையை அக்கா கேட்டதில்லை. அவள் உள்ளே ஓடிக் கட்டிலைப் பிடித்து இழுத்தாள்.