ரிஃப்காவின் மனையில் ஏழு டன்

பர்வின் அடுப்படி ஜன்னலைத் திறப்பதை விட்டு இரண்டு வருடமாகிறது. திறந்தால் கடற்காற்று வரும். அதன் முதுகில் ஏறிக்கொண்டு அந்த வாடையும் வரும். காறிப்போன எண்ணெயில் துருவையும் மீன் செதிலையும் ஊறப் போட்ட மாதிரி ஒரு வாடை. ஜன்னலுக்கு வெளியே இருந்தது அவள் மகள் ரிஃப்காவின் மனை. அந்த மனையில் பதினெட்டு அடி நீளத்துக்கு, ஏழு டன் எடையில், இரும்பைக் கடையும் ஒரு பழைய லேத் மிஷின் படுத்துக் கிடந்தது. அது பர்வினின் கணவர் நௌஷாதுடையது.

அதிராம்பட்டினத்தில் நிக்காஹ் முடிந்த பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே பெண்ணைப் பெற்றவர்கள் அவளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டி வைத்தாக வேண்டும். பர்வின் குடியிருக்கும் வீடு அவளுடைய உம்மா கொடுத்தது. பின்னாலிருந்த மனையை, ரிஃப்கா தவழ ஆரம்பிப்பதற்குள் அவள் பேருக்கு எழுதி வைத்தாயிற்று. இந்த ஏற்பாட்டால் ஊர் ஆண்களுக்குக் கொழும்பிலும் துபாயிலும் கடை இருக்கும், கிடங்கு இருக்கும். சொந்த ஊரில் ஒரு ஆணி அடிக்கச் சுவர் இருக்காது. நௌஷாத் இதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லாதவர்கள்தான் ஒருநாள் டன் கணக்கில் பதில் சொல்கிறார்கள்.

ஷார்ஜாவில் பம்ப் உதிரிபாகக் கடையில் இருபத்துநாலு வருடம் நின்றவர் அவர். வாஷர், ஆயில் சீல், ரப்பர் வளையம். அத்தனை வருடத்தில் அவர் எடுத்துக் கொடுத்த எந்தப் பொருளும் உள்ளங்கையைத் தாண்டியதில்லை. ஊர் திரும்பி அதே மாதிரி ஒரு கடை வைப்பதாகத்தான் பேச்சு. பக்கத்து மாவட்டத்தில் மூடிக்கிடந்த சர்க்கரை ஆலையில் ஏலம் என்று கேள்விப்பட்டு, கடைக்கு இரும்பு அலமாரி வாங்கப் போனார். மத்தியானம் போன் செய்து, லாரியில் ஏற்றியாயிற்று என்றார். அலமாரி எத்தனை தட்டு என்று கேட்டாள் பர்வின். தட்டு இல்லை, பதினெட்டு அடி நீளம் என்றார் அவர்.

அந்த லேத்தை ஓட்டத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. மும்முனை மின்சாரம் கிடைக்கவில்லை. ஆனால் இடுப்பளவு பள்ளம் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு அஸ்திவாரம் மட்டும் கிடைத்தது. மகள் வீட்டுக்கு வராத கம்பி மிஷினுக்கு வந்தது. அறுவடை மிஷினின் தண்டு ஒன்றைக் கடையக் கொண்டுவந்த பட்டுக்கோட்டைக்காரர், யானை வாயில் எள்ளுருண்டை வைத்த மாதிரி அது காணாமல் போவதைப் பார்த்துவிட்டு, திரும்ப எடுத்துப் போனார். கப்பல் தண்டைக் கடையலாம் என்பார் நௌஷாத். அதிராம்பட்டினத்துக் கரைக்கு வருவதெல்லாம் ஃபைபர் படகு. ஒரே ஒரு நாள் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். அன்று அந்த மிஷின் பெற்றுப்போட்டது ஒரு சப்பாத்திக்கட்டை. அதுவும் ஒரு பக்கம் பருத்திருந்தது.

வேலைதான் வரவில்லை; ஆண்கள் வந்தார்கள். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் நாலு பேர், ஆறு பேர் என்று மனைக்குள் வந்து அதைச் சுற்றி நிற்பார்கள். இந்த மாதிரி வார்ப்பு இப்போது எவன் போடுகிறான் என்று ஒருவர் சொல்வார்; மற்றவர்கள் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்கள் மாதிரி தலையாட்டுவார்கள். சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்காத கைகள் அதன் மேல் ஒரு தூசி விடாமல் துடைக்கும். துடைக்க எடுத்தது பர்வினின் வாயல் புடவை. போகும்போது வெள்ளைச் சுவரில் அஞ்சு விரலும் பதிந்திருக்கும். டீ கிளாஸில் கறுப்புப் பிசுக்கு ஒட்டியிருக்கும். சோப்புப்பொடி, எலுமிச்சை, சாம்பல் எதற்கும் அது போகாது. பல்சக்கரப் பெட்டிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அதையும் ஒருவர் ரசித்தார்.

எல்லோரையும் விட அதிகம் பூரித்தது நௌஷாதின் அக்கா லத்தீஃபா. தம்பி யானையைக் கட்டி நிறுத்தியிருக்கிறான் என்று தெருத்தெருவாகச் சொன்னாள். யானை கட்டியிருப்பது யார் கொல்லையில் என்பதை மட்டும் சொல்ல மறந்தாள்.

ரிஃப்காவுக்கு இருபத்துமூன்று முடிந்தது. மருந்தாளுநர் படிப்பு முடித்து ஒரு மருந்துக்கடையில் இருந்தாள். ஜெய்னுலாபுதீன் என்ற சிமெண்ட் வியாபாரியின் மகன் ஹம்தானைப் பேசினார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் சம்மதம். வீட்டு வேலை ஆரம்பித்ததும் தேதி குறிக்கலாம். மனையை மட்டும் ஒருதரம் பார்த்துவிடுகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். மனை காலியாகாவிட்டால் வீடில்லை, வீடில்லாவிட்டால் நிக்காஹ் இல்லை. பர்வினுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இரண்டு வருடமாக அவள் சொன்னது ஏறவில்லை. சம்பந்தி சொன்னால் ஏறாமலா போகும்? தேங்காய்ப்பாலும் முட்டையும் ஊற்றி வட்டிலப்பம் அவித்து வைத்தாள். மூடிய ஜன்னலின் இடுக்கில் கண்ணை வைத்துக் காத்திருந்தாள்.

ஜெய்னுலாபுதீன் டேப்போடும் ஒரு கொத்தனாரோடும் வந்தார். மிஷினைப் பார்த்ததும் நின்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கன்றுக்குட்டியைத் தடவுவது போல அதன் முதுகைத் தடவினார். கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்றார். விரலில் ஒட்டிய கிரீஸை மோந்து பார்த்தார். மனையை அளக்கக் கொண்டுவந்த டேப்பால் மிஷினை அளந்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் தீர்ப்பும் சொன்னார். இதை நகர்த்துவது பாவம். தூண் எழுப்பி மேலே வீடு கட்டிக்கொள்ளலாம். கீழே மிஷின், மேலே பிள்ளைகள்.

நௌஷாதின் கண் கலங்கியது. கூட வந்திருந்த லத்தீஃபா, நல்ல யோசனை என்றாள். கொத்தனார்கூடத் தூணுக்கு இடம் பார்க்க ஆரம்பித்தார்.

பர்வின் ஜன்னல் கதவை ஓங்கித் தள்ளினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, மூன்றாவது தள்ளலில்தான் திறந்தது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஜெய்னுலாபுதீனை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாள்.

"காக்கா, மிஷின் உங்களுக்குப் புடிச்சிருக்கா?"

"புடிக்காம இருக்குமாம்மா? மாஷா அல்லாஹ், என்னா கம்பீரம்."

"அப்ப எடுத்துட்டுப் போயிருங்க. காசு வேணாம். கிரேன் வாடகைய நான் தர்றேன்."

நௌஷாத் அவள் மேல் கோபப்படவில்லை. அவர் ஜெய்னுலாபுதீனின் முகத்தைப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்களின் முகத்தைத் தகப்பன் பார்ப்பானே, அந்தப் பார்வை. ரிஃப்காவைப் பார்க்க வந்த அன்று அவரிடம் அப்படி ஒரு பார்வையை பர்வின் காணவில்லை.

ஜெய்னுலாபுதீன் கையைத் துடைக்க இடம் தேடினார். "எனக்கு எதுக்கும்மா அது? குடோன் பூரா மூட்டையா கெடக்குது. வீட்டுல வைக்கலாம்னா, வீடு எம் பொஞ்சாதி பேருல இருக்கு. எண்ணெ வாடைன்னா அவளுக்கு ஆவாது."

பர்வின் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "லாத்தா, ஒங்க கொல்லைல தென்னை போக எடம் கெடக்குதுல்ல? தம்பி பொருள் அக்கா வூட்டுல இருந்தா யாரு என்ன சொல்லப் போறா?"

"நான் வேணாம்னா சொல்றேன்? மருமவன் கார் நிறுத்துற எடம்மா அது," என்றாள் லத்தீஃபா. குரலில் யானையும் இல்லை, பூனையும் இல்லை.

மக்ரிப் தொழுகைக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் பள்ளிவாசல் ஞாபகம் வந்துவிட்டது. போகிறபோது ஜெய்னுலாபுதீன் தூண் பேச்சை எடுக்கவில்லை. மனை காலியானதும் சொல்லி அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னார்.

நௌஷாத் இருட்டும்வரை மிஷின் பக்கத்தில் நின்றார். ஆனால் அதைத் தொடவில்லை. மறுநாள் காலையில் அவரே பட்டுக்கோட்டைக்குப் போன் செய்து பழைய இரும்பு வாங்கும் தியாகேசனை வரச் சொன்னார்.

தியாகேசன் வந்தார். தடவவில்லை, மோந்து பார்க்கவில்லை. செருப்புக் காலால் ஒரு உதை விட்டுச் சத்தத்தைக் கேட்டார். வார்ப்பைக் கொஞ்சம் பாருங்க என்றார் நௌஷாத். "வார்ப்புதான் பாய், ஒடையும்," என்றார் தியாகேசன். இந்த இரண்டு வருடத்தில் அந்த மிஷினைப் பார்த்துப் பெருமூச்சு விடாத முதல் ஆண்பிள்ளை இவர்தான் என்று பர்வினுக்குத் தோன்றியது. அவருக்கு மட்டும் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினாள்.

சம்மட்டி நாலு நாள் விழுந்தது. வேண்டாம் என்று ஓடியவர்கள் எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அநியாயமாக உடைக்கிறீர்களே என்று ஜெய்னுலாபுதீன் போனில் வருந்தினார். நௌஷாத் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "என்ன செய்ய? புள்ளைக்காகத்தான்." தகப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெரு பேசியது. லத்தீஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பர்வினுக்கு எண்ணெய் வாடைகூட இவ்வளவு குமட்டியதில்லை. பிள்ளைக்காக என்றால் இரண்டு வருடம் முன்னாலேயே கொடுத்திருப்பார். யாரும் சீந்தவில்லை என்றதும் மனசு விட்டுப்போய்க் கொடுத்தார். அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்து, ஊரும் மாலை போட்டுவிட்டது. ரிஃப்காவிடம் இதைச் சொல்லிப் பொருமினாள்.

"மனை காலியாயிருச்சுல்ல உம்மா?" என்றாள் ரிஃப்கா. "வாப்பா நல்ல பேர எடுத்துட்டுப் போகட்டும். நமக்கு எடம் போதும்."

மகளுக்கு இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்று பர்வினுக்கு விளங்கவில்லை. நிச்சயம் தன்னிடமிருந்து இல்லை. அவள் எழுந்து மனைக்குப் போனாள். கொத்தனார் வீட்டுக்கு அளவு பார்த்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"நாலு பக்கமும் சுவரை எல்லை வரைக்கும் ஏத்திருங்க. ஒரு அடிகூட சும்மா விடாதீங்க."

"கொல்லைன்னு கொஞ்சம் வேணாமாம்மா? துணி காயப்போட?"

"மாடி இருக்குல்ல."

கொத்தனார் சரி என்று தலையாட்டினார். பர்வின் இரண்டு எட்டு நடந்து போனவள், நௌஷாதின் ஞாபகம் வந்ததும் திரும்பி வந்தாள்.

"மாடி எவ்வளவு கனம் தாங்கும்?"

"கவலையே படாதீங்கம்மா. நல்ல கம்பியாப் போடுறேன். என்னத்த ஏத்துனாலும் தாங்கும்."

"அவ்வளவு தாங்க வேணாம்," என்றாள் பர்வின்.