அரிசி தின்ற டேப் ரிக்கார்டர்

நேற்று ஆந்திர எல்லையில், எளாவூர் செக்போஸ்டில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. முன்னால் கல்கத்தா ரோடு முழுக்க லாரிகள். ஒரு லாரி டிரைவர், இதுதான் சமயமென்று தன் சீட்டில் கிடந்த பொந்தாவை உருவி பானெட்டின் மேல் வெயிலுக்குப் போட்டார். பொந்தா தெரியுமல்லவா? பழம்புடவை, லுங்கி, கிழிந்த பாவாடை எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, நெருக்கமாக நூலோட்டித் தைத்த கனத்த போர்வை. பெயர் ஆந்திரத்திலிருந்து வந்தது. துணியெல்லாம் நம் வீட்டுத் துணி.

வெயில் ஏறிய பழந்துணியின் வாசனை ஜன்னல் வழியே வந்ததோ இல்லையோ, நான் கும்மிடிப்பூண்டி ரைஸ் மில்லுக்குப் போய்விட்டேன். பழந்துணிக்கும் மில்லுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கரண்ட்தான்!

பி.ஏ. முடித்த கையோடு சென்னையில் ஒரு பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். கோயில் பாட்டுகளைப் பதிவு செய்ய அவர் ஒரு டேப் ரிக்கார்டர் வரவழைத்திருந்தார். அதைப் பார்த்த நாள் முதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொந்தா தைக்கும் பெண்களின் கதையை அதில் பிடிக்கவேண்டும் என்று அவரை நச்சரித்தேன்.

"கந்தல் தைக்கிறதுல என்னம்மா சரித்திரம்?" என்றார். கடைசியில் மனம் இரங்கி, "ஒரு நாள் தரேன். ஒரே ஸ்பூல் டேப். சரியா வரலேன்னா மிஷின் திருவாலங்காட்டுக்குப் பதிகம் கேக்கப் போயிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார்.

மிஷினா அது, இரும்புப் பெட்டி! கும்மிடிப்பூண்டியில் ரயிலிலிருந்து இறக்கிய போர்ட்டர் "உள்ள இன்னாம்மா, அம்மிக்கல்லா?" என்று கேட்டார். அதைச் செருகக் கரண்ட் வேண்டுமே. பொந்தா தைப்பவர்கள் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மில் ஓய்ந்திருக்கும் நேரத்தில் பிளக்கை மாட்டிக்கொள்ள முதலாளி சம்மதித்தார். தவிட்டுப் புழுதிக்கு நடுவே பாயை விரித்து, கதீஜா லாத்தாவும் குப்பம்மா அக்காவும் பாதி தைத்த பொந்தாவோடு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா; பழவேற்காட்டுத் துணி வியாபாரக் குடும்பம். அக்காவுக்கு ஊர்க்கோடியில் நெல் வயல். அக்கா மகளின் பிரசவத்துக்காக அந்தப் பொந்தா.

நான் மைக்கை நீட்டி, மனப்பாடம் செய்து வந்த கேள்வியை எடுத்துவிட்டேன்: "தாங்கள் இக்கலையை யாரிடம் பயின்றீர்கள்?"

இருவரும் ஊசியை நிறுத்தினார்கள். ஸ்பூல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னாம்மே, ரேடியோ பொட்டியாட்டம் பேசுற?" என்றார் லாத்தா.

மைக்கைப் பொந்தாவின் மேலேயே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். ஊசிகள் மறுபடி ஓடின. ஒரு பச்சைத் துண்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டது சண்டை.

"இது எங்க ஊட்டுப் பச்சை. என் நிக்காஹுக்கு வந்த சீலை."

"அட போ லாத்தா! எம்பொண்ணு பாவாடை. நீச்சத் தண்ணி ஊத்திக்கினா, அந்தக் கறைகூட இன்னும் கீது."

"கறையா? அது உங்க ஊட்டுக்காரரு என் சீலை மேல வெத்தலை துப்புனது!"

அந்த ஒற்றைத் துண்டிலிருந்து கல்யாணம், புயல், படகு, மாமியார் எல்லாம் வந்துவிட்டன. பேராசிரியர் முகத்தை நினைத்து உள்ளுக்குள் குதித்தேன். சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ வாங்கி வர ஓடினேன். அங்கேதான் வந்தது வினை.

பொந்தாவில் கடைசித் தையல் போடுமுன், நடுவயிற்றில் ஒரு பிடி அரிசி வைத்து மூடுவது இவர்கள் வழக்கம். வெறும் வயிற்றோடு இருக்கிற பொந்தா, போர்த்தியவர்களையும் பசியோடு படுக்க வைக்குமாம். டீயோடு திரும்பி, பதிவானதைக் கேட்கலாமென்று மிஷினைத் திருகினால் கரகரவென்று ஒரு சத்தம். ஸ்பூல் நகரவில்லை.

"லாத்தா, இதை யாராவது தொட்டீங்களா?"

"தொடலே. அரிசி மட்டும் போட்டேன்" என்றார் லாத்தா நிதானமாக. "எங்க பேச்சையெல்லாம் முழுங்கிக்கினு மெட்ராஸ் வரைக்கும் போவுது. வெறும் வயித்தோட அனுப்பலாமா?"

சூடு வெளியேறுவதற்கான சந்துகள் வழியே ஒரு பிடி மில் அரிசி உள்ளே போயிருந்தது! டேப் அறுந்திருந்தால் என் சரித்திரமும் அதோடு சரி. மூவரும் சேர்ந்து பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினோம். அரிசி கொட்டியது.

"பசியில்லைன்னு துப்புது பாரு" என்றார் அக்கா.

மறுபடி திருகினேன். சுற்றியது! "எங்க ஊட்டுப் பச்சை" என்று பெட்டிக்குள்ளிருந்து லாத்தாவின் குரல் வர, லாத்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்ய, இவ்ளோ பேஜாராவா பேசறேன் நானு?"

பேராசிரியர் முழுச் சண்டையையும் கேட்டார். பச்சைத் துணி யாருடையது என்று தெரியாமல் விடமாட்டேன் என்றார். மிஷினை என்னிடம் இன்னும் பல ஊர்களுக்குக் கொடுத்தனுப்பினார். ஆனால் அந்தக் காலத்து டேப் விலை உங்களுக்குத் தெரியாது. கல்லூரி ஆண்டு விழா வந்தபோது அதே ஸ்பூலில் யாரோ ஒரு பிரமுகரின் சொற்பொழிவை ஏற்றிவிட்டார்கள். பச்சைத் துணி அதற்கடியில் அழிந்தது. அழாத குறையாக லாத்தாவிடம் போய்ச் சொன்னேன்.

"போனா போவுது வுடு. நாங்க இங்கதான கீறோம்? பொட்டியைத் தூக்கினு வா, மறுபடி சண்டை போடறோம்."

நான் வேறு ஊர்களில் அலைந்துவிட்டுத் திரும்புவதற்குள், லாத்தா குடும்பம் கடையைக் கட்டிக்கொண்டு நெல்லூர்ப் பக்கம் போய்விட்டது. அக்கா தனியாகச் சண்டை போட மறுத்துவிட்டார்.

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கிப்போய், அந்த லாரிப் பொந்தாவின் நடுவே விரலால் அழுத்திப் பார்த்தேன். நறநறவென்று அரிசி.

"இன்னாம்மா நோண்டுற? எங்கம்மா தெச்சது. நடுவுல இன்னாவோ உறுத்தினே கீது, பிரிச்சிக் கொட்டிடலாம்னு பாக்கறேன்" என்றார் டிரைவர்.

"ஐயோ, கொட்டாதீங்க! அது..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் செக்போஸ்ட் கேட்டைத் தூக்கிவிட்டார்கள். பொந்தாவைச் சுருட்டி சீட்டில் எறிந்து இன்ஜினைக் கிளப்பினார். ஊரையெல்லாம் பேசு பேசு என்று தொல்லை செய்தவள், லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டே கூட ஓடினேன். அவர் கேட்கவில்லை என்று தன் காதில் கையை வைத்துக் காட்டி, சிரித்து, ஆந்திராவுக்குள் போய்விட்டார்.