அக்கரையிலிருந்து சுண்டிவிட ஓர் ஆள்

நவம்பர் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்குப் போய்வந்து, நாகல் நகரில் கத்தரிக்காய் வாங்கி, ஒருவனுக்கான சோறு வடித்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குடகனாற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டதால் தூண்டிலோடு பஸ் ஏறினேன். மண்புழுவைக் கோர்த்த விரல்களில் ஈரமண் வாடை ஏறியதும், நாங்கள் எரியோட்டில் குடியிருந்த காலம் நினைவுக்கு வந்தது.

அப்போது என்னோடு ஆற்றுக்கு வந்தவள் என் அக்கா. கரையோரக் கருவேல வேர்கள் தண்ணீருக்கடியில் பின்னிக் கிடக்கும்; கெளுத்தி மீன் அவற்றுக்குள்தான் படுத்திருக்கும். சிக்கிக்கொள்ளுமே என்று பயந்து நான் தூண்டில் முள் வேரைத் தொடாதபடி, தக்கைக்குச் சற்றுக் கீழேயே அதைத் தொங்கவிடுவேன்.

"கெளுத்தி ஒன்னயத் தேடி மாடியேறி வருமாக்கும்?" என்று அக்கா சிரிப்பாள்.

அவள் கட்டுவது எளிதில் அறாத தடித்த நைலான் நரம்பு, "தங்கூஸ்" என்போம். வேருக்குள்ளேயே போடுவாள். சிக்கினால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, இழுக்க இழுக்க முள் ஆழமாக ஏறும். "ஏலே, நரம்பத் தளத்திப் பிடி, நா அங்கிட்டுப் போயி எடுக்கேன்" என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் சுற்றிப் போய், அக்கரைப் பக்கமிருந்து நரம்பை மெல்லச் சுண்டுவாள். குத்திய வழியிலேயே முள் கழன்று வரும்.

ஒரு கோடை விடுமுறையில் அக்கா பெரிய பிள்ளையானாள். "அவ இனிமே ஆத்துக்கு வரமாட்டா அப்பு, நீ மட்டும் போயிட்டு வா" என்றார் அம்மா. உள்ளறை ஜன்னலிலிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"தடிச்ச நரம்பத் தனியாக் கொண்டுபோகாத. சிக்குனா ஒத்தையில எடுக்க முடியாது. முள்ளுக்கு மேல ஒரு முழம் மெல்லிசா முடிஞ்சுக்க. அது அறுந்தா மிச்சம் தப்பும்."

அவள் சொன்னது சரிதான். இன்றுவரை அப்படித்தான் கட்டுகிறேன். முள் போகும், தக்கை பிழைக்கும், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அக்கா அதற்குப் பிறகு ஆற்றில் இறங்கவேயில்லை.

இப்போது அந்தக் கருவேல மரங்கள் இல்லை. இயந்திரம் விட்டு வேரோடு பிடுங்கிவிட்டார்கள். இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை அடியில் எதுவோ முள்ளைப் பிடித்துக்கொண்டது. நரம்பைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். அக்கரையில் யாருமில்லை. பிறகு இழுத்தேன். மெல்லிய முழம், எங்கே அற வேண்டுமோ சரியாக அங்கேயே அறுந்தது. மிச்சத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை எழுந்ததும், காபிகூடப் போடாமல், மெல்லிய முழம் வைக்காமல் தடித்த தங்கூஸிலேயே ஒரு முள்ளை முடிந்தேன். அந்தக் கையோடு தொப்பம்பட்டியில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வார ஞாயித்துக்கெழம ஆத்துக்கு வாரியாக்கா? தடிச்ச நரம்பு கட்டிருக்கேன்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா?" என்றாள். பிறகு கேட்டாள்: "ஏலே, அங்கிட்டுப் போறதுக்குப் பாலம் இருக்குல்ல?"